பிள்ளை ஏன் பேசவில்லை?

சகோதரிகளே, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மாத்ருபூதேசுவரர் சந்நிதியைப் பார்த்திருப்பீர்கள். ரமணரின் அன்னை அழகம்மாளின் சமாதி அது. அங்கே நின்றால் எனக்கு மகானைவிடத் தாயின் ஞாபகமே வருகிறது.

1896-ல் மதுரையில் 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று மரணபயம் பிடித்தது. பிறகு பாடத்தில் மனம் செல்லவில்லை, தோழர்களிடமிருந்தும் ஒதுங்கினான். கிடைத்தது என்ன? இலக்கணப் பாடத்தை 3 முறை எழுதும் தண்டனை. அண்ணனின் கடிந்த சொல். ஆகஸ்டு 29-ல் வீட்டை விட்டே புறப்பட்டுவிட்டான். தாய் அவனை மறுபடி கண்டது 1898-ல்தான்!

அவர் மகானானார். ஆனால் ஒதுங்கும் பிள்ளைகளெல்லாம் மகானாவார்களா? தண்டிக்குமுன் அருகில் உட்கார்ந்து கேளுங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள். போதவில்லையா? 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். கூச்சம் வேண்டாம், அம்மா!