ஒரே அரிசி, இரண்டு தண்ணீர்

கியோட்டோவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது ஃபுஷிமி. கோயில்களைப் பார்க்க வரும் கூட்டத்தில் பலர் இதன் ஆலைத் தெருக்கள் பக்கம் வருவதில்லை. கெய்ஹான் ரயிலில் சூஷோஜிமாவில் இறங்கிக் கால்வாயை ஒட்டி நடந்தால், கருக்கிய மரப்பலகைச் சுவர்களோடு நீளமான பழைய கட்டடங்கள் வரிசையாக வருகின்றன. எல்லாம் சாக்கே என்ற அரிசி மதுவைச் செய்யும் ஆலைகள். வாசல் கூரையின் கீழ் சுகி மர இலைகளைக் கட்டிச் செய்த பெரிய பந்து ஒன்று தொங்குகிறது. புதுச் சாக்கே இறங்கியதும் பச்சையாகக் கட்டுவார்கள். நான் போனது இலையுதிர் காலம் என்பதால் பந்துகள் பழுப்பேறியிருந்தன. உள்ளே இருப்பது கோடையைத் தாண்டிப் பக்குவப்பட்ட சரக்கு என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சாக்கேயை ருசிப்பதற்கு முன் தண்ணீரைக் குடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஒரு புட்டியில் ஏறக்குறைய எண்பது சதவீதம் தண்ணீர்தானே. ஃபுஷிமியின் கோகோனோமியா ஆலயத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. 1985-இல் ஜப்பானிய அரசு தேர்ந்தெடுத்த நூறு நல்ல நீர்களில் இதுவும் ஒன்று. ஊர்க்காரர்கள் கேன்களோடு வந்து பிடித்துப் போகிறார்கள். நாக்கில் எந்த முனையும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அதே வழுக்கல் சற்று நேரத்தில் கோப்பையிலும் கிடைத்தது. ஃபுஷிமியில் பல ஆலைகளின் சாக்கேயைச் சிறு கோப்பைகளில் ஊற்றி ஒரே பலகையில் வைத்துத் தரும் கடை உண்டு. சோதிப்பதற்கென்றே உள்ள வெள்ளைப் பீங்கான் கோப்பையின் அடியில் இரண்டு நீல வளையங்கள் வரைந்திருக்கும். நீலத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் சாக்கே தெளிவு. நடுவே உள்ள வெள்ளையில் அதன் நிறம் தெரியும். குனிந்து பார்த்தபோது ஒன்று நீர் போலவும் இன்னொன்று லேசான வைக்கோல் நிறத்திலும் இருந்தன.

முதலில் ஒரு டைகின்ஜோ. இந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் அரிசியைத் தீட்டித் தீட்டிப் பாதி எடை அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும். வெளிப்பகுதியில் உள்ள கொழுப்பும் புரதமும் போய், மாவுச்சத்து நிறைந்த நடுப்பகுதி மிஞ்சும். முகர்ந்ததும் ஆப்பிள் வாசனை தூக்கலாக எழுந்தது. அடுத்தது தமனோஹிகாரி, ஓமாச்சி என்ற பழைய அரிசி ரகத்தில் செய்தது. வாசனை அடக்கம், ஆனால் விழுங்கிய பிறகும் அரிசியின் இனிப்பு நாக்கில் நின்றது. பிறகு ட்சுகி நோ கட்சுரா ஆலையின் கலங்கல் சாக்கே. 1964 முதல் அவர்கள் விற்றுவரும் வகை. வெண்மையாக, குறுகுறுவென்று வாயு முள்ளோடு நாக்கில் இறங்கியது. மூன்றும் மூன்று சுவை. இருந்தும் தொண்டையைத் தாண்டும் இடத்தில் மூன்றுக்கும் ஒரே மென்மை. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒசாகாவில் ரயில் மாறி ஹன்ஷின் தடத்தில் போனால் கோபேக்கும் நிஷினோமியாவுக்கும் நடுவே கடலோரமாக நாடா. பின்னால் ரொக்கோ மலை. அங்கிருந்து இறங்கும் ஓடைகளில் ஒருகாலத்தில் நீர்ச் சக்கரங்கள் அரிசி தீட்டின. ஆலைக்குப் பக்கத்திலேயே துறைமுகம் என்பதால் மரப் பீப்பாய்கள் நேராக எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, கப்பல் ஏறின. 1995 ஜனவரி பூகம்பத்தில் இங்கிருந்த பழைய மர ஆலைகள் பல தரைமட்டமாயின. இப்போது நிற்கும் கட்டடங்களில் பழமையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். சுவையில் அந்த ஏமாற்றம் இல்லை.

நாடாவின் கதையும் தண்ணீர்க் கதைதான். யமமுரா தசாயெமொன் என்பவருக்கு உவோசாகியில் ஓர் ஆலை, நிஷினோமியாவில் ஓர் ஆலை. நிஷினோமியா சாக்கேயே எப்போதும் ஒசத்தியாக வந்தது. ஒரே அரிசியைப் போட்டுப் பார்த்தார். தலைமைத் தொழிலாளிகளை இடம் மாற்றிப் பார்த்தார். வித்தியாசம் போகவில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரை உவோசாகிக்குக் கொண்டுவந்து ஊறல் போட்டார். அங்கும் அதே சுவை வந்தது. 1840-இல் நடந்ததாகச் சொல்வார்கள். மியாமிசு எனப்படும் அந்தத் தண்ணீரில் பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் அதிகம். சாக்கேயின் நிறத்தைக் கெடுக்கும் இரும்பு மிகக் குறைவு. தாதுக்கள் கிடைத்த ஈஸ்ட் வேகமாக வேலை செய்கிறது. சர்க்கரை நன்றாகத் தின்னப்பட்டு, சாக்கே இறுகிப்போய் உறுதியாக வருகிறது. ஃபுஷிமியில் நொதித்தல் நிதானம், இனிப்பு கொஞ்சம் தங்கும். நாடாவுடையதை ஆண் சாக்கே என்றும் ஃபுஷிமியுடையதைப் பெண் சாக்கே என்றும் பிரித்துச் சொல்வது ஜப்பானில் வழக்கம். எனக்கு அந்தப் பிரிவினை பிடிக்கவில்லை. தாது உப்புகள் செய்யும் வேலையை அது மறைத்துவிடுகிறது.

நாடாவில் நான் அதிக நேரம் உட்கார்ந்தது கிகுமசமுனேயின் கிமோட்டோ முன்னால். தாய் ஊறலில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்க்காமல், பாக்டீரியா தானாக வளர்ந்து புளிக்கும்வரை சுமார் ஒரு மாதம் காத்திருக்கும் பழைய முறை அது. குளிர்ச்சியாகக் குடித்தபோது சற்று முறைப்பாக இருந்தது. பிறகு அதையே குடுவையில் ஊற்றி வெந்நீரில் இறக்கி, நாற்பத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்து தந்தார்கள். ஆவியோடு எழுந்தது, இரவு முழுக்கப் பொங்கிய இட்லி மாவின் மணம். இரண்டிலும் வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியாதான் என்பதால் மூக்கு சொன்னது சரியே. சூட்டில் அந்த முறைப்பு கரைந்து, புளிப்பும் உப்புச் சாயலும் வெளியே வந்தன. கூடவே சோயாவில் வேகவைத்த முள்ளங்கி. ஒரு வாய் அது, ஒரு வாய் இது.

கென்பிஷியையும் கேட்டு வாங்கினேன். 1505-க்கும் முந்தைய பெயர். பக்குவப்படுத்திய சரக்குகளைக் கலந்து தருவார்கள். நீல வளையத்தின் மேல் தேன் நிறம். எவ்வளவு தீட்டினோம் என்ற பெருமையெல்லாம் அந்தப் புட்டியில் எழுதியிருக்காது. ஆனால் அன்று குடித்ததில் அதிக ஆழம் இருந்தது அதில்தான். பாதிக்கு மேல் தீட்டிய விலை உயர்ந்த டைகின்ஜோவைச் சூடாக்கினால் அதன் பழ வாசனை நிலைகுலைந்துவிடும். கென்பிஷி சூட்டில்தான் விரிகிறது. ஆகவே கடையில் தீட்டல் சதவீதத்தை மட்டும் பார்த்து விலை கொடுக்காதீர்கள். குளிர்ச்சியாக, தனியாகக் குடிக்க என்றால் டைகின்ஜோ. சாப்பாட்டோடு என்றால் அதைவிட மலிவான, குறைவாகத் தீட்டிய புட்டி ஒன்றையும், சுடவைக்க ஒரு குடுவையையும் கேளுங்கள்.

இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர்கள் ஃபுஷிமியில் தொடங்குங்கள். நாடாவின் இறுக்கம் நாக்கில் ஏறிவிட்டால் ஃபுஷிமி வெறும் தண்ணீராகத் தோன்றிவிடும். அதற்கு அப்படி ஓர் அநியாயம் நேரக்கூடாது.