கச்சான் காற்றுக்கு இரண்டு சீசன்: ஐந்தருவி

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கும் நாட்களில், மலைக்கு அந்தப்புறம் அரபிக்கடலோரத்தில் ஸ்கூபா படகுகள் கரையேறிவிடுகின்றன. இரண்டையும் செய்வது ஒரே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டிக் கேரளக் கரையைத் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சுமந்து வந்த ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே இறக்கிவிடும். மிச்சம், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து தென்காசி, குற்றாலம் மேல் சாரலாக விழுகிறது. மழைமறைவுப் பக்கத்தில் இருந்தும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இந்த ஊர் நனைவது அந்தக் கணவாயின் புண்ணியம். இங்கே இதற்குப் பெயர் சீசன். தூத்துக்குடி, ராமேசுவரம் கரையில் இதே காற்று கச்சான். அந்தச் சொல்லில் கொண்டாட்டம் கிடையாது.

குற்றாலத்தின் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தள்ளி இருக்கிறது ஐந்தருவி. மேலிருந்து ஒன்றாக வரும் தண்ணீர் பாறை முகட்டில் ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். காற்று ஓங்கி அடிக்கும்போது ஓரத்துக் கிளை நேராக விழாது. கம்பியைப் பிடித்து நிற்பவரின் தலையைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போய், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவரின் தோளில் சிதறும். அருகிலுள்ள வெண்ணமடைக் குளத்தில் சீசனுக்குச் சுற்றுலாப் படகு விடுவார்கள். மே மாதமெல்லாம் கடலில் படகு கிடைத்து, ஜூலையில் குளத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கூபாவில் மூழ்குபவர் போவது தண்ணீருக்கு அடியில். மேலே அடிக்கும் காற்று அவரை என்ன செய்யும்? சிக்கல் இறங்கும்போது குறைவு, திரும்பும்போதுதான் அதிகம். முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயக் கட்டிகளுமாக ஒருவர் படகின் ஏணியைப் பிடிக்கும் நேரத்தில் அலை படகை ஒரு மீட்டர் தூக்குகிறது. அடுத்த நொடி ஏணியின் அடிப்படி அவர் முகத்துக்கு நேரே இறங்கி வருகிறது. விரல் நசுங்குவதும் பல் உடைவதும் இந்த இடத்தில்தான். அதற்கும் முன்பே, தூரத்தில் மேலெழுந்த ஒரு தலையைப் படகோட்டி வெள்ளை நுரைக்கு நடுவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அலையின் ஆட்டம் மேற்பரப்போடு நிற்பதும் இல்லை. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தில் பாதி ஆழம் வரை அது உணரப்படும். பக்கத்துக் காற்று கிளப்பும் அலை 5 விநாடிக்கு ஒன்றாக வந்தால், ஆழ்கடலில் அந்தத் தூரம் சுமார் 39 மீட்டர். ஆட்டம் 20 மீட்டர் வரை இறங்கும். தொலைவிலிருந்து 10 விநாடிக்கு ஒன்றாக உருண்டு வரும் அலைக்கு 156 மீட்டர். ஆட்டம் 78 மீட்டர் வரை. பொழுதுபோக்காக மூழ்குபவர்களுக்கு வைத்திருக்கும் எல்லையே 40 மீட்டர்தான். 12 மீட்டரில் பவளப்பாறை பார்க்கப் போனவர் அங்கே ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடுவார். கிளறிய மண்ணில் கைக்கெட்டிய பாறையும் மங்கும். கர்நாடகத்தின் நேத்ராணித் தீவிலும் கோவாவின் கிராண்ட் தீவிலும் மழைக்காலம் முழுக்க ஸ்கூபா நின்றுபோவது இதனால்தான்.

வானம் தெளிவாக இருக்கும் நாள் இதைவிட ஆபத்தானது. கேரள மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல்காற்று கிளப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நேரத்தில் திருடனைப்போல் கரையேறும். யுனெஸ்கோ 2012-இல் இந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. பதினொரு நாள் கழித்து, மே 17 அன்று, பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவன் ஒருவன் இறந்தான். அந்த வெள்ளம் சீசனுக்கு முந்தைய கோடை மழையால் வந்தது. பெய்தது மேலே மலையில், குளித்தவர்கள் நின்றது கீழே. அருவியில் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, கிளையும் சருகும் சேர்ந்து வந்தாலோ போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது. குளிக்கத் தடை என்றதும் முணுமுணுப்பவர்கள் ஐந்தருவியிலும் உண்டு. அந்த முணுமுணுப்பில் நியாயம் ஏதும் இல்லை.

இந்த நாட்காட்டி மன்னார் வளைகுடாவுக்குப் புதிதல்ல. வாடை ஓய்ந்து கச்சான் கிளம்புவதற்கு முந்தைய மார்ச், ஏப்ரலில்தான் அங்கே முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சுக்குச் சிலிண்டர் வந்த பிறகும் காற்றின் கணக்கு மாறவில்லை. கச்சான் காலத்தில் மூழ்கியே ஆக வேண்டுமென்றால் மலைக்குப் பின்னால் போக வேண்டும். இலங்கையின் நடுமலை தென்மேற்குக் காற்றைத் தடுத்துவிடுவதால், மேற்கே ஹிக்கடுவ கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்கே திருகோணமலையின் புறாத் தீவு அமைதியாகக் கிடக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தேர்ந்தவர்கள் அதைப் பார்க்க இறங்குவதும் இந்த மாதங்களில்தான். நவம்பரில் எல்லாம் தலைகீழ்.

தமிழகக் கிழக்குக் கரைக்கு அக்டோபருக்குப் பின் வேறு தொல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி அருகே, அதாவது ஸ்கூபா நடக்கும் கடல் வழியாகவே. காற்றால் இரண்டு நாள் வீணானவர்கள் மூன்றாம் நாள் காலை அவசரமாக இரண்டு முறை மூழ்கிவிட்டு மாலை விமானம் ஏறப் பார்ப்பது இன்னொரு தவறு. அடுத்தடுத்து மூழ்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் போக வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் பயணச்சீட்டைப் பார்ப்பதில்லை. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜூலையில் நான்கு நாள் விடுப்பு வைத்திருப்பவர் அரபிக்கடலை மறந்துவிடலாம். சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசி வழியாகத்தான் செங்கோட்டை போகிறது.