ஸ்டோக் ஊரின் பனிமலை

2017 ஆகஸ்டில் லடாக்கின் ஸ்டோக் காங்ரி சிகரத்தில் ஏறினேன். உயரம் 6,153 மீட்டர். இன்று அந்தப் பாதையில் போக முடியாது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். மூடச் சொன்னது அரசாங்கம் அல்ல, மலைக்குக் கீழே இருக்கும் ஸ்டோக் கிராமத்து மக்கள். அவர்கள் செய்தது சரி என்பது என் எண்ணம். நீ மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு மற்றவர்களை வேண்டாம் என்கிறாயே என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மலையேறுபவர்கள் பேச்சில் ஸ்டோக் காங்ரிக்கு ‘முதல் ஆறாயிரம்’ என்று பெயர் இருந்தது. செங்குத்தான பனிச்சுவர் கிடையாது. பாறையில் ஆணியடித்துத் தொங்க வேண்டியதில்லை. விமானத்தில் லே நகருக்கு வந்து இறங்கினால் மலையடிவாரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த கார் பயணம். நல்ல மூச்சும் நடந்து பழகிய காலும் இருந்தால் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே நிற்கலாம். நான் கோயம்புத்தூர்க்காரன். வெள்ளியங்கிரியின் ஏழு மலையைப் பலமுறை ஏறியவன், ஒரு டிசம்பரில் கேதார்கண்டா பனியில் நடந்தவன். அதற்கு அடுத்தபடியாக மனத்தில் நின்றது இந்தச் சிகரம்தான். நாற்பத்து நான்கு வயதில் புறப்பட்டேன்.

டெல்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் நம்மை லேயில் இறக்கிவிடுகிறது. நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்புக்கு இந்த வேகம் ஒத்துக்கொள்ளாது. காற்றழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 5,500 மீட்டரில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். அதை ஈடுகட்ட உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகராமல் படுத்துக் கிடந்தேன். அடுத்த இரண்டு நாள் பக்கத்து மேடுகளில் ஏறி இறங்கினேன். ஐந்தாம் நாள் ஸ்டோக் ஊருக்குப் போனேன்.

அன்று இரவு ஒரு வீட்டில் தங்கினேன். வீட்டம்மாவை எல்லோரும் ‘அமா-லே’ என்றார்கள். அம்மா என்ற சொல்லோடு மரியாதைக்கு ஒரு ‘லே’. சமையலறைதான் வீட்டின் பெரிய அறை. நடுவில் அடுப்பு, சுவர் முழுக்க அடுக்கில் பித்தளைப் பாத்திரங்கள், மூலையில் மூடி போட்ட ஒரு தண்ணீர்ப் பானை. அமா-லே நீண்ட கைப்பிடிக் கரண்டியால் தண்ணீர் மொள்ளும்போது ஒரு சொட்டு தரையில் விழவில்லை. குவளை கழுவிய தண்ணீர் ஒரு வாளிக்குப் போனது. வாளி மாட்டுக்குப் போனது.

அந்த வீட்டுக் கழிவறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் பயணத்தின் முக்கால் பாகம் அதில் அடங்கியிருக்கிறது. மாடியில் ஒரு சிறிய அறை, தரையில் ஒரு நீள்சதுரத் துளை, பக்கத்தில் மண் குவியலும் மண்வெட்டியும். தண்ணீர் கிடையாது. போய்விட்டு ஒரு மண்வெட்டி மண் தள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் சேர்ந்து மக்குவது அடுத்த பருவத்தில் பார்லி வயலுக்கு எருவாகும். லடாக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். எங்கள் ஊரில் ஐப்பசி மழை ஒரு வாரம் பிடித்தால் அவ்வளவு பெய்துவிடும். ஆகவே அங்கே ஊர் என்றால் பனிமலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடை, அதிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள், அவற்றை ஒட்டி வயல். பல ஊர்களில் தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடுவதற்கென்றே ஓர் ஆளை நியமிப்பார்கள், ‘சுர்போன்’ என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த வேலைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விதைக்க வேண்டிய வசந்தத்தில் தண்ணீர் வேண்டும். ஆனால் பனியாறுகள் மிக உயரத்தில் இருப்பதால் வெயில் அங்கே ஏறி உருகல் கீழே வர ஜூன் ஆகிவிடும். செவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்து ஓடைநீரை ஊருக்கு அருகிலேயே தேக்கி உறைய வைக்கும் செயற்கைப் பனியாறுகளைக் கட்டியது இதற்காகத்தான். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு வாய்க்கால் நீருக்காக இவ்வளவு பாடுபடுகிற மண் அது.

மறுநாள் காலை அந்த ஓடையை ஒட்டியே மேலே நடந்தோம். எங்கள் கைடு ஸ்டோக் ஊர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். அண்ணன் என்ற பொருளில் ‘அச்சோ-லே’ என்று கூப்பிட்டேன். முதல் தங்கல் சங்மா. சங்மா என்றால் வில்லோ மரம் என்றார். வழியில் அடுத்து வருவது மன்கோர்மா. ஓடையைக் குறுக்கே கடக்க வேண்டிய இடங்களில் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பகல் வெயிலில் மேலே பனி உருக உருக, முழங்காலுக்குக் கீழே இருந்த நீர் மாலையில் தொடைக்கு வந்துவிடும். எதிர்ச்சரிவில் நீலச் செம்மறிகள் கூட்டமாக மேய்ந்தன. இரண்டாம் நாள் சுமார் 5,000 மீட்டரில் பேஸ் கேம்ப்.

அங்கே ஒரு சிற்றூரே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தது. மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று சரிவெங்கும் கூடாரம். கழுதைகள், குதிரைகள், மண்ணெண்ணெய் வாசனை, ஏழெட்டு மொழிப் பேச்சு. ஓடைக்கு இரு பக்கமும் கழிவறைக் கூடாரங்கள். முழ ஆழத்தில் ஒரு குழி, மேலே துணி மறைப்பு. நிரம்பினால் கல்லைப் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தோண்டுவார்கள். அந்தக் குளிரில் எதுவும் மக்காது. மறுநாள் காலை நானும் அந்தக் குழியில்தான் உட்கார்ந்தேன். பத்தடி தள்ளி ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அதே ஓடை. மூன்று இரவுக்கு முன்னால் அமா-லே சிந்தாமல் மொண்ட தண்ணீர்.

அன்று மாலை பக்கத்துக் குழுவில் ஓர் இளைஞர் சுருண்டு படுத்திருந்தார். லேயில் இறங்கி மூன்றே நாளாம். சுலபமான சிகரம், ஒரு வார லீவில் முடித்துவிடலாம் என்று கூட்டி வந்திருக்கிறார்கள். தலைவலி, வாந்தி, படுத்தால் இருமல். மாத்திரை போட்டுத் தூங்கட்டும், இரவு பார்க்கலாம் என்றார் அவர்களை அழைத்து வந்தவர். அச்சோ-லே அந்தப் பையனின் விரலில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவியை மாட்டினார். 61 சதவீதம் காட்டியது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். “சார், இவர் இப்பவே இறங்கணும். காலையில இல்ல, இப்ப” என்றார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டால் கீழே இறங்குவதைத் தவிர நிச்சயமான வைத்தியம் வேறில்லை. எங்கள் குதிரையிலேயே ஏற்றி, இருட்டுவதற்குள் இரண்டு ஆட்களோடு அனுப்பினார். அவர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சுலபம் என்று சொல்லி ஆள் பிடிப்பவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. தொழில்நுட்பம் வேண்டாத சிகரம் என்பது வேறு, சுலபமான சிகரம் என்பது வேறு. காற்று எல்லோருக்கும் அதே காற்றுதான்.

இரவு பதினொன்றுக்கு எழுப்பினார்கள். சூடாகக் கொஞ்சம் துக்பா சூப் குடித்துவிட்டு, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். இரவில் ஏறுவதற்குக் காரணம் உண்டு. சூரியன் வந்துவிட்டால் பனி இளகிக் கால் புதையும், பனியாற்றின் பிளவுகளை மூடியிருக்கும் பனி ஆளைத் தாங்காது. பனியாற்றின் ஓரத்துக்கு வந்ததும் உட்கார்ந்து பூட்ஸில் கிராம்பானைக் கட்டினோம். பத்துப் பன்னிரண்டு இரும்புப் பற்கள் கொண்ட சட்டம் அது. கையுறையைக் கழற்றினால்தான் பட்டையைச் செருக முடியும், கழற்றினால் விரல் மரத்துப்போகும். அச்சோ-லே மண்டியிட்டு என் பட்டையை இழுத்துப் பார்த்தார். ஒரே கயிற்றில் ஆறு பேரைக் கோத்தார். “கயிறு தரையில தொய்யக்கூடாது, முன்னால போறவரை இழுக்கவும் கூடாது” என்றார்.

பனியாற்றின் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். எங்கள் இரும்புக் கால்களின் கறகறப்பு அடங்கியதும் ஒரு சத்தம் கேட்டது. முதலில் காற்று என்று நினைத்தேன். பிறகு குனிந்து கவனித்தேன். என் காலுக்குக் கீழே, பனிக்கட்டிக்கு உள்ளே, நீர் ஓடிக்கொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டிய அந்தக் குளிரிலும் எங்கோ உள்ளே மெல்லிய கலகலப்பு. நான் எதன் மேல் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு ஊரின் தண்ணீர்த் தொட்டி மேல் இரும்பு முள் கட்டிய காலோடு நிற்கிறேன். லடாக்கிகளின் மொழியில் ‘காங்’ என்றால் பனி, ‘ரி’ என்றால் மலை. ஸ்டோக் காங்ரி என்றால் ஸ்டோக் ஊரின் பனிமலை. அந்த மலை யாருடையது என்பதைப் பெயரே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் உயரத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தேன்.

மீதி ஏற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனிச்சரிவில் வளைந்து வளைந்து தோள்பட்டை என்று சொல்கிற இடத்துக்கு ஏறினோம். அங்கிருந்து உச்சிவரை பாறையும் பனியும் கலந்த ஒடுங்கிய முகடு. இருபது அடி, நின்று ஆறு மூச்சு, மறுபடி இருபது அடி. கிழக்கு வெளுத்தபோது முகட்டில் இருந்தோம். ஆறரை மணிக்கு உச்சி. வரிசை வரிசையாகப் பிரார்த்தனைக் கொடிகள், வடக்கே காரகோரம், தெற்கே ஸன்ஸ்கார் மலைகள். “கி கி ஸோ ஸோ, லார்கியாலோ” என்று அச்சோ-லே குரலெழுப்பினார். தேவர்களுக்கு வெற்றி என்று பொருள். எனக்கு வெற்றி என்று யாரும் அங்கே கத்துவதில்லை. அழுதேன். இன்றும் அந்த அரை மணி நேரத்தை என் வாழ்வின் பெரிய பேறுகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறேன், அதை மறைக்க மாட்டேன்.

பிறகு அச்சோ-லே கை நீட்டிக் காட்டினார். சாம்பல் நிற மலைகளுக்கு நடுவில் சிந்து நதி, கரையில் ஒரு நகத்தளவு பச்சை. “எங்க ஊர்” என்றார். அந்தப் பச்சை முழுவதும் நாங்கள் ஏறி வந்த பனியிலிருந்து போன தண்ணீரால் வந்தது.

இறங்கும்போது பகல் வெளிச்சத்தில் பாதை தெரிந்தது. உருகிய பனிக்கு அடியிலிருந்து சாக்லேட் உறைகள், கைச்சூட்டுப் பைகள், காலி எரிவாயுக் குப்பிகள், கிழிந்த காலுறை. நானும் இன்னும் இருவரும் ஒரு பையில் பொறுக்கினோம். ஒரு பைக்கு மேல் தூக்கத் தெம்பில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அமா-லே ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். வெந்நீர். உடம்புக்கு நல்லது என்பதற்காகவா என்று கேட்டேன். மகன் இந்தியில் சொன்னான்: “முன்னாடி வாய்க்கால் தண்ணியை அப்படியே குடிப்போம். இப்ப காய்ச்சித்தான் குடிக்கிறோம்.” குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். என்னால் அந்தக் குவளையை உடனே வாயில் வைக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுக்குள் பாதை மூடப்பட்ட செய்தி வந்தது. முதலில் மூன்றாண்டு என்றார்கள், அது கழிந்த பிறகும் திறந்துவிடவில்லை. அச்சோ-லேவுக்குப் போன் செய்தேன். “குதிரை ரெண்டையும் வித்துட்டேன் சார். ஊர்க்கூட்டத்துல நானும்தான் கை தூக்கினேன்” என்றார். மலையேற்றத்தால் பிழைத்தவர்கள் அந்த ஊரில் பலர். கைடு, சமையல்காரர், குதிரைக்காரர், வீட்டில் இடம் கொடுத்தவர்கள். வருமானத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

முதல் ஆறாயிரம் தேடுகிறவர்கள் இப்போது மார்க்கா பள்ளத்தாக்கின் காங் யாட்ஸே பக்கம் போகிறார்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எந்த மலைக்குப் போனாலும், உங்களைக் கூட்டிப்போகிறவரிடம் உயரத்தைக் கேட்கும் முன் இந்தப் பனி எந்த ஊருக்குத் தண்ணீர் தருகிறது என்று கேளுங்கள். மேலே கொண்டுபோனதையெல்லாம், மலத்தையும் சேர்த்து, பையில் கட்டிக் கீழே கொண்டுவர அவர் ஏற்பாடு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். லேயில் நான்கு நாளாவது தராதவரோடு போகாதீர்கள்.

லே வரை போகிறவர்கள் ஸ்டோக் ஊரிலும் ஓர் இரவு தங்கலாம். வீடுகளில் இடம் தருகிறார்கள், அந்த வரும்படி அவர்களுக்கு இப்போது தேவைப்படுகிறது. சிகரத்தைப் பார்க்க ஏறவே வேண்டாம். லே நகரத்து மொட்டை மாடியிலிருந்தே தெரிகிறது.