கடைசியில் ஐந்து இருந்தது

பெரிய எண்களைச் சொல்லிப் பிள்ளைகளை வாய்பிளக்க வைப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்க அதையே கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருந்த முக்கியமான சரக்கு அம்பலப்புழை பாயசக் கதை. சதுரங்கத்தில் தோற்ற ராஜா முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக் கொடுக்க வேண்டும். மொத்தம் 18446744073709551615 அரிசி. சுமார் 1,84,467 கோடி கோடி. இந்த 20 இலக்கத்தையும் எதையும் பார்க்காமல் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நிற்பேன். வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும்.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். “சார், இது பகா எண்ணா சார்?”

எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “இவ்ளோ பெரிய நம்பரை யாரும்மா வகுத்துப் பாக்கறது? கம்ப்யூட்டர்தான் சொல்லணும்.”

“கடைசியில அஞ்சு இருக்கே சார்.”

வகுப்பே சிரித்தது. “அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உக்காரு” என்று அதட்டினேன். அவள் உட்கார்ந்தாள். நான் அழிப்பானை எடுத்து அந்த எண்ணை அழித்தேன்.

ஐந்தில் முடிந்தால் ஐந்தால் வகுபடும் என்பது சின்ன வகுப்புப் பாடம். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆக மூன்றாலும் வகுபடும். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இந்த எண் இரண்டின் 64ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு, அதாவது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். வருஷா வருஷம் நான் நடத்திய முற்றொருமையை வைத்து அதை இரண்டாக உடைக்கலாம். கிடைப்பதில் ஒன்றை மறுபடி உடைக்கலாம், மறுபடியும். கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறின் பெருக்கலாக வந்து நிற்கும். கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும்.

கடைசியில் நிற்கும் 4294967297 மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். ஃபெர்மா அதைப் பகா எண் என்றே நம்பினார். 1732இல் ஆய்லர் அதை 641 வகுப்பதைக் காட்டினார். இன்னொரு காரணி 6700417. 4294967297இன் பகாக் காரணி எதுவானாலும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று நிறுவியவரும் அவரே. அது தெரிந்தால் 193, 257, 449, 577 என்று வகுத்துப் பார்த்து ஐந்தாவதிலேயே 641ஐப் பிடித்துவிடலாம். ஃபெர்மாவே சறுக்கினாரே என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அவர் சறுக்கியது 641இல். நான் சறுக்கியது 5இல்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். அடுத்த வருஷம் அதே எண்ணை எழுதி, “கடைசி இலக்கத்தைப் பாருங்க” என்று நானே கண்டுபிடித்ததுபோல ஆரம்பித்தேன். கைதட்டுகூடக் கிடைத்தது. அவளைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அப்போது அவள் அதே வராந்தாவில், இரண்டு அறை தள்ளிப் பத்தாம் வகுப்பில் இருந்தாள்.