தாய் மத்தியின் கையிருப்பு

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. சேலத்துக்காரனுக்கு மீன் என்றால் மேட்டூர் அணை மீன்தான். கடல் மீன் பாடமெல்லாம் இங்கே வந்துதான். முதல் பாடம், பெயர். கேரளாவில் வடக்கே 'மத்தி' என்பதை இங்கே 'சாளை' என்கிறார்கள். இரண்டாவது பாடம், நம்ம ஊரில் அதை ஏன் 'நெய் மத்தி' என்கிறோம் என்பது. மழை ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகையில் வரும் சாளையை வாணலியில் போட்டால் அதுவே எண்ணெய் விடும். எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று தங்கமணிக்குச் சந்தோஷம் :-)

அந்த எண்ணெயைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பி.காம். படித்தவனுக்கு மீன் விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று கேட்காதீங்க. படிக்கப் படிக்க, இது நம்ம கணக்குதான் என்று புரிந்தது.

முதலில் புள்ளிவிவரம். 2012-ல் கேரளாவில் பிடிபட்ட மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-ல் மூவாயிரத்துச் சொச்சம் டன். எழுத்துப்பிழை இல்லை, ஒன்பதே வருஷத்தில் நூற்றில் ஒரு பங்காகிவிட்டது. பேங்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது வேறு மாதிரி தெரியும். கடற்கரைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் ஜூன் மாதம் நகையை அடகு வைப்பார்கள், ஓணத்துக்குள் மீட்டுவிடுவார்கள். மத்தி வராத வருஷங்களில் வட்டியை மட்டும் கட்டிவிட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போன தாலிக்கொடியும் உண்டு. அதையெல்லாம் பார்த்த பிறகுதான் இந்த மீன் எங்கே போச்சு என்று தேட ஆரம்பித்தேன்.

எல்லாரும் சொல்கிற பதில், "அளவுக்கு மேல பிடிச்சுட்டாங்க". அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி தாய் மீனின் உடம்பில் இருக்கிறது.

மத்தி முட்டையிடும் காலம் தென்மேற்குப் பருவமழைக் காலம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முக்கியம். அந்த மாதங்களில் கடலின் அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். மத்திக்கு அதுதான் விருந்து. மழைக்குப் பிறகு தின்று கொழுத்து, அந்தக் கொழுப்பைச் சேர்த்து வைத்து, அடுத்த மழைக்குள் அதைச் சினையாக மாற்றுகிறது. அதனால்தான் ஐப்பசிச் சாளையில் நெய் சொட்டும், ஆனி ஆடிச் சாளையில் சினை இருக்கும், நெய் இருக்காது.

மழை பொய்த்தால்? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அந்தோனி ராஜா 1960-களில் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். சினைப்பையை ஆராய்ந்தபோது, சில வருஷங்களில் முட்டைகள் முதிராமல் உள்ளேயே கரைந்துபோவதைக் கண்டார். முட்டையிடும் மாதங்களில் மழை குறைந்தால் இப்படி ஆகிறது, அதற்கடுத்து வரும் குஞ்சுகளும் குறைகின்றன என்று தொடர்புபடுத்தினார். நம்ம பாஷையில் சொன்னால், வருமானம் இல்லாத வருஷத்தில் பிள்ளைக்கென்று போட்ட டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுகிற அம்மா. வேறென்ன செய்வாள்?

சேமித்த கொழுப்பைக் கொண்டு பிள்ளை பெறுகிற உயிர்களை உயிரியலார் 'மூலதனக்காரர்' என்கிறார்கள். அன்றன்றைக்குத் தின்பதைக் கொண்டு பெறுபவை 'வருமானக்காரர்'. நாங்கள் வகுப்பில் படித்த வார்த்தைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் :-) பல மீன்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

சரி, தாய் மெலிந்தால் முட்டை குறையும், அது புரிகிறது. அந்த முட்டையின் தரம்? ஜப்பானில் தோசா வளைகுடா என்று ஒன்று. அது இருக்கிற மாகாணத்தின் பெயர் கோச்சி! நம்ம மத்திக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஜப்பான் மத்தியை அங்கே ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வந்தது. தாய்க்குக் கிடைத்த ஊட்டம் முட்டையின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, முட்டைக்குள் இருக்கும் கொழுப்பிலும் தெரிகிறது என்பது அதன் சாரம்.

முட்டைக்குள் இருக்கும் கொழுப்பு ஏன் முக்கியம்? மத்தி முட்டை ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். குஞ்சுக்கு வாய் திறந்து தானாக இரை பிடிக்கச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் அம்மா கட்டிக் கொடுத்த சோறுதான். அந்தப் பொட்டலம் சின்னதாக இருந்தால், பக்கத்தில் இரை இல்லாத அன்றே கதை முடிந்தது. அமெரிக்காவின் ஒரேகான் கடற்கரையில் கரும்பாறை மீனை வைத்து 2004-ல் இதைக் காட்டினார்கள். வயதான தாய்களின் குஞ்சுகள், இளம் தாய்களின் குஞ்சுகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாக வளர்ந்தன. பட்டினி போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் தாக்குப்பிடித்தன. வித்தியாசம், பிறக்கும்போது உடம்பில் கொண்டுவந்த எண்ணெய்த் துளியின் அளவு.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் 342 வகைக் கடல் மீன்களை ஒப்பிட்டு வந்த ஆய்வில், 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு காட் மீன் இடும் முட்டைகள், 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று கணக்கிட்டார்கள். 28 சின்ன மீனின் மொத்த எடை 56 கிலோ! கடலில் எத்தனை டன் இருக்கிறது என்று மட்டும் எண்ணுவது, எத்தனை பாஸ்புக் இருக்கிறது என்று எண்ணி டெபாசிட்டைக் கணிப்பது மாதிரி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கேரள அரசு 2015-ல் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். ஆனால் மத்தி முதல் தடவை சினை பிடிப்பது சுமார் 15 சென்டிமீட்டரில். அதாவது ஒரு தடவைகூட முட்டையிடாத மீனைச் சட்டப்படியே பிடிக்கலாம். மழைக்கால டிராலிங் தடை 1988 முதல் இருக்கிறது, இப்போது 52 நாள். ஆனால் அது விசைப்படகுக்கு. பாரம்பரிய மீனவர்கள் மழைக்காலத்தில் கடலின் மேல்மட்ட மீனைப் பிடிக்க 2007-ல் தனிச் சட்டமே போட்டு உரிமை கொடுத்தார்கள். மத்தி மேல்மட்ட மீன்!

உடனே "அதையும் தடை பண்ணு" என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பெரிய படகுகள் கரையில் நிற்கும் அந்த 52 நாள்தான் சின்ன வள்ளக்காரருக்கு நாலு காசு பார்க்கிற நாள். வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவரும் சேச்சியிடம் ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாரே, சினை உள்ள சாளைக்கும் பட்டினி, என்டெ வீட்டிலும் பட்டினி. யாருக்கு முதலில் சோறு?" என்றார். அவருக்கு மலையாளமும் தமிழும் கலந்தே வரும். பதில் சொல்லத் தெரியவில்லை.

நல்ல சேதியும் உண்டு. 2024-ல் மழை கைகொடுத்து மத்தி மறுபடி பெருகியது. ஆனால் 2025-ல் மத்திய நிலையத்து விஞ்ஞானிகள் சொன்னதைக் கவனியுங்கள்: குஞ்சுகள் ஒரேயடியாகப் பெருகியதால் இரைக்குப் போட்டி, அதனால் மீன் வளரவில்லை. கூட்டம் இருக்கிறது, உடம்பில் சதை இல்லை. இந்த மெலிந்த கூட்டம்தான் அடுத்த தலைமுறையின் தாய். டன் கணக்கைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு. உள்ளங்கை அகலம்கூட நீளாத பொடிச் சாளை வாங்குவதில்லை. மழை மாதங்களில் சேச்சியிடம் வேறு மீன் கேட்போம், அதற்குப் பேரம் பேசுவதில்லை. ஐப்பசி நெய்ச்சாளைக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம். மீனுக்கு ஒரு மழைக்காலம் விடுமுறை வேண்டும் என்றால், அந்த இரண்டு மாதச் சம்பளத்தை யாராவது சேச்சியின் வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். அரசாங்கம் கொடுக்கட்டும், மீன் சாப்பிடுகிற நாமும் கொடுப்போம். வட்டியில்லாக் கடனாக அல்ல, விலையாக.