மொரப்பூர் சின்ன ரயில்

ஏரியூரில் ரயில் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் பென்னாகரம் வழியாகத் தர்மபுரி போக வேண்டும். இல்லையென்றால் நாகமரையில் பரிசல் பிடித்து, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து பண்ணவாடியில் இறங்கி மேட்டூர் பக்கம் போகலாம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு தாத்தா, கேழ்வரகுக் களத்து ஓரம் உட்கார்ந்துகொண்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எங்கப்பாரு சின்ன ரயில்லதான் கண்ணு தர்மபுரிக்கு வந்தாரு. மொரப்பூர்ல பெரிய ரயிலை உட்டு எறங்கி, சின்னதுல ஏறணும். கரி வண்டி. சட்டையெல்லாம் கரியாப் போயிடுமாம்."

எனக்குத் தெரிந்த தர்மபுரி ரயில் நிலையம் சேலம் – பெங்களூர் பாதையில் இருப்பது. அந்தப் பாதை 1960-களின் கடைசியில் மீட்டர் கேஜாக வந்து, பிறகு அகலப் பாதையானது. தாத்தாவின் அப்பா அதற்கு ஒரு தலைமுறை முந்தியவர். அப்படியானால் அவர் ஏறியது எந்த ரயில்? அதைத் தேடப் புறப்பட்டேன்.

விடை காகிதத்தில் எளிதாகவே கிடைத்தது. ஆங்கிலேயர் கால ரயில்வே வாரியம், நாட்டில் போட்ட ஒவ்வொரு பாதையையும் திறந்த தேதி, அகலம், நீளம் என்று வரிசையாகப் பதிந்து அவ்வப்போது நூலாக வெளியிட்டது. சேலம் மாவட்டத்துக்கு 1918-ல் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் இருக்கிறது. நில அளவைத் துறையின் வரைபடங்களில் 57-எல் என்ற தாள் நம் பகுதியைக் காட்டுவது. இவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தாத்தா சொன்னது அப்படியே உண்மை என்று தெரிந்தது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 18 மைல் நீளத்தில் ஒரு ரயில் பாதை திறந்திருக்கிறார்கள். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் இரண்டரை அடிதான். 1913-ல் அதே பாதை ஓசூர் வரைக்கும் நீண்டது. 1941-ல் மூடிவிட்டார்கள்.

முப்பத்தைந்து வருடம் ஓடிய ரயில் அது. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் படித்து வளர்ந்த எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

தேதிகள் கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்தது. சென்னையிலிருந்து கிளம்பிய பெரிய பாதை 1861-லேயே திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம் கழித்து, பெரிய ஆலையோ சுரங்கமோ துறைமுகமோ இல்லாத தர்மபுரிக்கு எதற்காக ஒரு குட்டி ரயில்? காடு பார்க்க வரும் துரைமாருக்காக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். புளிக்கும் கடலைக்குமாக இருக்கும் என்றார் இன்னொருவர். பழைய கெசட்டியர்கள் சொல்லும் காரணம் வேறு: பஞ்சம். மொரப்பூர் – தர்மபுரி, திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி என்ற இரண்டு குட்டிப் பாதைகளையும் அவை பஞ்ச காலத்துக்கான கிளைப் பாதைகள் என்றே வகைப்படுத்துகின்றன.

அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. நம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். 1881 கணக்கெடுப்பில் அது 15,99,595. நடுவில் வந்தது 1876 – 78 தாது வருடப் பஞ்சம். பத்து வருடத்தில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய ஒரு மாவட்டம் மூன்றரை லட்சத்துக்கும் மேலே குறைந்திருக்கிறது. செத்தவர்கள் போக, பிழைக்கப் போனவர்களும் அதில் உண்டு. அரிசி மூட்டைகள் பெரிய பாதை வழியாக வந்து ஸ்டேஷன்களில் இறங்கின. அங்கிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டு போக வண்டி மாடு வேண்டும். மாடுகளோ தீவனமும் தண்ணீரும் இல்லாமல் முதலிலேயே செத்துப்போயிருந்தன. ரயில் நிலையத்தில் தானியம் இருக்க, இருபது முப்பது மைல் தள்ளி மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள். 1880-ல் பஞ்சக் குழு, இந்தியா முழுக்க இன்னும் 5,000 மைல் ரயில் பாதை உடனடியாக வேண்டும் என்று எழுதியதன் பின்னணி இதுதான். மொரப்பூர் சின்ன ரயிலின் வேர் அந்தச் சாவுகளில் இருக்கிறது.

அகலம் ஏன் இரண்டரை அடி என்றால், செலவு குறைவு. வளைவுகளை நெருக்கமாகப் போடலாம், பாலம் சிறிதாக இருந்தால் போதும், மண் வேலையும் குறைவு. மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வேயை எவரார்ட் கால்த்ராப் என்ற பொறியாளர் இதே அகலத்தில் 1897-ல் ஓட்டிக் காட்டியிருந்தார். ஆனால் இந்தச் சிக்கனத்துக்குள்ளேயே ஒரு வினையும் இருந்தது. பெரிய வண்டியின் வேகன் சின்னப் பாதையில் போகாது. ஆகவே தர்மபுரியிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையையும் மொரப்பூரில் இறக்கி, தோளில் சுமந்து, பெரிய வேகனில் ஏற்ற வேண்டும். பெரிய பாதையில் வரும் உப்பையும் துணியையும் இதே மாதிரி மாற்ற வேண்டும். இரண்டு தடவை கூலி, இரண்டு தடவை சிந்தல். பஸ்ஸும் லாரியும் வந்த பிறகு வியாபாரி ஏன் அந்த வழியில் போவான்? இரண்டாம் உலகப் போர் வந்தபோது வருமானம் இல்லாத கிளைப் பாதைகள் பலவற்றை அரசு பிரித்தெடுத்தது. தண்டவாளமும் எஞ்சினும் வேகனும் கப்பலேறி மத்தியக் கிழக்குப் போர்முனைகளுக்குப் போயின. அந்த வருடங்களில்தான் நம் பாதையும் மறைந்தது.

காகிதம் இவ்வளவும் சொன்னது. ஆனால் அந்த எஞ்சின் எப்படி இருந்தது? புகைபோக்கி உயரமா, குட்டையா? டிரைவர் நிற்கும் இடத்துக்கு ஓலைப் பந்தல் போல ஒரு கூரை மட்டும்தானா? மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பலகை போட்டிருந்தார்களா? இவற்றைச் சொல்ல ஒரு புகைப்படம் வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டேன், பழைய குடும்பங்களில் கேட்டேன், தர்மபுரியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களின் வாரிசுகளிடம் கேட்டேன். இன்னும் ஒன்றும் என் கைக்கு வரவில்லை.

வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. வேல்ஸ் நாட்டில் வெல்ஷ்பூல் – லான்வேர் என்று ஒரு ரயில். அதே இரண்டரை அடி அகலம், நம் பாதைக்கு மூன்று வருடம் முன்னால் 1903-ல் திறந்தது. நீளம் சுமார் ஒன்பது மைல், நம் மொரப்பூர் – தர்மபுரிப் பாதையில் பாதி. அதுவும் கிராமத்து விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு போகப் போட்டதுதான், அதற்கும் வருமானம் இல்லை, அதையும் 1956-ல் மூடினார்கள். ஆனால் ஏழே வருடத்தில், 1963-ல், ஆர்வலர்கள் சேர்ந்து மறுபடி ஓட்டிவிட்டார்கள். 'ஏர்ல்', 'கவுன்டெஸ்' என்ற முதல் இரண்டு எஞ்சின்களும் இன்றும் இருக்கின்றன. காணாமல் போன பழைய பயணிகள் பெட்டிகளையும் விடவில்லை. அதே உருவத்தில் புதிதாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் பழைய ரயில்களைப் பாதுகாக்கும் வேலை தொடங்கக் கொஞ்சம் காலமாகிவிட்டது. மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயர் இந்தியா முழுக்க அலைந்து பழைய எஞ்சின்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-ல் திறந்தது. சித்தரஞ்சன் ஆலை தன் கடைசி நீராவி எஞ்சினைச் செய்து அனுப்பியது 1972-ல். அதாவது, பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது நம் சின்ன ரயில் போய் முப்பது வருடம் ஆகியிருந்தது.

ஆனால் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளின் கை இதில் யாருக்கும் குறைந்ததில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் செய்து கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்த எஞ்சின் எண் 21. 1909-ல் ஓய்வு பெற்று, நூறு வருடம் ஜமால்பூர்ப் பட்டறையில் காட்சிப் பொருளாகக் கிடந்தது. அதைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்குக் கொண்டு வந்து உயிர் கொடுத்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டினார்கள். இன்னும் புகழ்பெற்ற அதன் ஜோடி 'ஃபேரி குயீன்', எண் 22. அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிப் போன பிறகு அதையும் சரிசெய்து அனுப்பியது பெரம்பூர்தான்.

நீராவி எஞ்சின் வேலை செய்வதைக் கிட்டே பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போங்கள். நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை எஞ்சின் மீட்டர் கேஜ், நம்முடையதைவிடப் பெரியது. இருந்தாலும் தீயும் தண்ணீரும் ஒன்றுதானே. சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏறும் மலை அது. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை. எஞ்சினுக்கு அடியில் அதைக் கவ்வும் பல்சக்கரம். எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைத் தள்ளும். அங்கே ஒரு முறை வேலை செய்து வெளியே வரும் நீராவி, மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது பக்கத்தில் போய் நின்றேன். பாய்லரின் சூடு முகத்தில் அடித்தது. எண்ணெயும் நீராவியும் கலந்த வாசனை. ஃபயர்மேன் ஒருவர் எண்ணெய்க் குடுவையை வைத்துக்கொண்டு இணைப்புத் தண்டின் ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பார்த்தபடி சுற்றி வந்தார். சூடு ஏறியிருக்கிறதா என்று கையால் பார்க்கிறார். எந்தக் கையேட்டாலும் அந்தப் பழக்கத்தை முழுதாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த பழைய எஞ்சின்கள் தளர்ந்துபோனபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகை எஞ்சினை இங்கேயே செய்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் புதிதாகச் செய்து முடித்தார்கள். யுனெஸ்கோ 2005-ல் இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்தப் பட்டம் நிலைப்பதற்குப் பொன்மலைக்காரர்களின் கைதான் காரணம் என்பது என் எண்ணம்.

நம் ரயிலின் அகலத்திலேயே ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிம்லா போகலாம். கல்கா – சிம்லா பாதையும் இரண்டரை அடிதான். அங்கே இருக்கும் கே.சி. 520 கிளாஸ்கோவில் 1905 வாக்கில் செய்த எஞ்சின். மொரப்பூரில் முதல் வண்டி கிளம்பிய காலம் அது.

இப்போது மொரப்பூர் – தர்மபுரி பாதையை அகலப் பாதையாகத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்; 36 கிலோமீட்டர். மாவட்ட மக்கள் பல காலம் கேட்டு வாங்கியது. அது வரட்டும், வர வேண்டும். புதிய ஸ்டேஷன் கட்டும்போது பழைய ரயிலைப் பற்றி ஒரு சுவர் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நடுகற்களை வைத்திருக்கிறோம். ஆநிரை மீட்கச் செத்தவனின் உருவத்தைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது. பஞ்சத்தில் செத்த லட்சக்கணக்கானவர்களுக்குப் பிறகு, அடுத்த பஞ்சத்தில் யாரும் சாகக் கூடாது என்று வந்த ரயிலுக்கு இங்கே ஒரு படம்கூட மாட்டவில்லை.

அந்தப் படம் எங்கோ இருக்கும் என்று நம்புகிறேன். மொரப்பூர், தர்மபுரி, பாலக்கோடு, ஓசூர் பக்கத்தில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ ரயில்வேயில் கேங்மேனாகவோ பாயின்ட்ஸ்மேனாகவோ வேலை பார்த்த வீடுகள் இருக்கின்றன. கல்யாணப் படங்களுக்கு நடுவே ஒரு படம் ஒட்டியிருக்கலாம். பின்னணியில் பாதி எஞ்சின் மட்டும் தெரியலாம். அதுவும் போதும். முகப்பில் எழுதியிருக்கும் எண், சக்கரங்களின் எண்ணிக்கை, புகைபோக்கியின் வடிவம் இந்த மூன்றும் தெரிந்தால், ஹ்யூ ஹியூஸ் இந்திய எஞ்சின்களைப் பற்றி எழுதிய நூல்களின் மூன்றாம் பாகத்தை வைத்து, அதை எந்தக் கம்பெனி எந்த வருடம் செய்தது என்று தேடத் தொடங்கலாம். அந்தப் பாகம் முழுக்கக் குறுகிய பாதைகளைப் பற்றியது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய படம் இருந்தால் ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள். அந்தப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் தெரிந்தால் அதையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். ஒரு பிரதியைத் தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குக் கொடுங்கள். மூலப் படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.