ஓரி ஆண்ட மலையில் ஓர் இரவுக்கு அறை

மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போகிறவர்களுக்கு அறை பிடிக்கும் வேலை எளிது. பேருந்து நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையிலுள்ள தெருக்களில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். நாலு இடத்தில் ஏறி இறங்கி விசாரித்தால் கைக்கு அடக்கமாக ஓர் அறை அமைந்துவிடும். அரசர்கள் இருந்த ஊர் என்றாலே கோட்டை, அகழி, அரண்மனை, அவற்றின் நிழலில் ஒரு தங்குமிடம் என்று நமக்குப் பழகிவிட்டது.

கொல்லிமலையில் இந்தக் கணக்கு உதவாது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை அது. அவன் வாழ்ந்த மாளிகை இதுதான் என்று கைகாட்ட அங்கே ஒரு குட்டிச்சுவர்கூட இல்லை. மலை முழுவதும் அவனுடைய இருப்பிடமாகவே பாடப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே போக நினைக்கிறவர் எந்த லாட்ஜ் என்று யோசிப்பதற்கு முன்னால், மலைமேல் தங்குவதா, அடிவாரத்து ஊரில் தங்குவதா என்று முடிவுசெய்ய வேண்டும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலேதான் தங்க வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டுமென்றாலும் மேலேதான்.

கீழே நாமக்கல்லில் தங்கிவிட்டுக் காலையில் ஏறி மாலையில் இறங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாமக்கல்லுக்கு 2013 முதல் ரயிலும் உண்டு. சேலம்-கரூர் பாதையில் இறங்கி ஊருக்குள் வந்தால் எல்லா விலையிலும் அறைகள் கிடைக்கும். ஒற்றைப் பாறைமேல் கோட்டை, பாறையைக் குடைந்து செய்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்கள், மேற்கூரை இல்லாமல் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் என்று பார்க்கவும் நிறைய இருக்கிறது. அந்தக் குடைவரைகளின் சிற்பங்களுக்காகவே ஒருநாள் தனியாக ஒதுக்கலாம். ஆனால் அது நாமக்கல்லுக்கான நாள். அதைக் கொல்லிமலையின் கணக்கில் எழுதக் கூடாது.

நாமக்கல்லிலிருந்து மலைமேல் உள்ள செம்மேடு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி வரை தரை. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து பேருந்தில் ஏறி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இறங்கித் திரும்பவும் அதே. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறவர் பகலில் பாதியைப் பயணத்திலேயே கழித்துவிடுகிறார். மீதிப் பாதியில் அருவி, கோயில், காட்சிமுனை என்று ஓடுகிறார். மலையின் காலையையும் இரவையும் அவர் பார்ப்பதே இல்லை. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் இன்னொரு பாதையையும் யோசிக்கலாம். அதில் வளைவுகள் குறைவு. ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் காரவள்ளிப் பாதையைத்தான் சொல்வேன். முப்பதாவது வளைவுக்கு மேல் ஜன்னல் வழியே வரும் காற்று மாறுவதை உடம்பே சொல்லும்.

அறைக்கு நான் ஒதுக்கியிருந்த தொகை ஆயிரம், மிஞ்சினால் ஆயிரத்து ஐந்நூறு. செம்மேட்டிலும் சோளக்காட்டுப் பக்கமும் இந்தத் தொகைக்குள் எளிய அறைகள் உண்டு. அவற்றில் பலவும் உள்ளூர்க்காரர்கள் நடத்துபவை. இவற்றுக்குப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு மேல். அந்த அழைப்பில்தான் மலையின் நடைமுறை தெரியவரும்.

"எத்தன பேருங்க வர்றீங்க?"

"ரெண்டு பேருங்க. ஒரு ராத்திரி."

"ரூம்பு இருக்குதுங்க. சுடுதண்ணி காலைல ஆறு மணிக்கு மேலதாங்க வரும். ராத்திரி சாப்பாடு வேணும்னா மத்தியானமே சொல்லிப்போடுங்க சார். இங்க சீக்கிரமே கடையெல்லாம் சாத்திருவாங்க."

"போர்வை இருக்குங்களா?"

"இருக்குதுங்க. இருந்தாலும் நீங்களும் ஒண்ணு கொண்டாந்துருங்க. மார்கழி தையின்னா எங்களுக்கே பத்தாதுங்க."

அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்த விவரம் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது. சுடுதண்ணீர், மின்தடை நேரத்தில் மாற்று ஏற்பாடு, வண்டி நிறுத்த இடம், இரவு உணவு ஆகியவற்றைக் கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும். மற்றபடி சுவரின் வண்ணத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியின் அளவையும் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வரி போடும் இடமாக இருந்தால், நாளொன்றுக்கு 7500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். முன்பு 12 சதவீதமாக இருந்தது. ரசீதில் பழைய விகிதம் இருந்தால் கேட்கலாம். அடையாள அட்டையையும் கையில் ரொக்கத்தையும் மறக்க வேண்டாம். எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது, சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனில் பணம் அனுப்ப முடியாது. சொந்த வண்டியில் போகிறவர்கள் பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

செம்மேட்டை மலையின் தலைநகரம் என்றே சொல்லலாம். ஒன்றிய அலுவலகமும் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் அங்கேதான். ஊர் நடுவில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. மாலைப் பேருந்தில் பகல் கூட்டம் இறங்கிப் போனபின் அந்தச் சதுக்கத்தில் ஒரு டீயோடு நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள், மிளகு மூட்டையோடு வண்டிக்குக் காத்திருப்பவர்கள், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வெளியே வரும் முதியவர்கள் என்று ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் வாழும் ஒரு சமூகத்தின் சாதாரண மாலை அது. சுற்றுலாப் பயணிக்காக ஏற்பாடு செய்யப்படாத எதையும் பார்க்கக் கிடைப்பது எனக்குப் பெரிய பேறு.

ஓரியைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பாட்டு வழியாகத்தான். வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று (152) எனக்கு இந்தப் பயணத்தில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து உடும்பில் போய்த் தைத்த கதை அதில்தான் இருக்கிறது. பாடநூல்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. பாட்டின் பிற்பகுதிதான் என்னைத் தொட்டது. வழியில் வந்த பாணர் கூட்டம் இவன் யாரென்று உறுதியாகத் தெரியாமலே பாடுகிறது. தன் பெயரைப் புகழ்ந்து கேட்க அவன் நாணுகிறான். காட்டிலேயே அவர்களுக்கு மான்கறியும் மதுவும் தந்து, மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுத்து அனுப்புகிறான். கொல்லிமலைக்கு வந்த வெளியூர்க்காரர்களை மலை எப்படி நடத்தியது என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சாட்சி அது. வழிப்போக்கர்கள் முன்பே சொல்லி வைக்கவில்லை. சோறு கிடைத்தது.

அந்த ஓரியை முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரர்களுக்குக் கொடுத்தான். அகநானூறு இதைச் சொல்கிறது. அதன்பிறகு கொல்லி சேரர்களின் பெருமைகளில் ஒன்றாகிவிட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த குலசேகர ஆழ்வார்கூடப் பெருமாள் திருமொழியில் தம்மைக் கொல்லியின் காவலர் என்று சொல்லிக்கொள்கிறார். மலையைப் பிடித்தவர்கள் அதைப் பட்டமாகச் சூடினார்கள். மலையில் இருந்தவனைத்தான் மக்கள் இன்றும் விழா எடுத்துக் கொண்டாடுகிறார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அறையைவிட்டு வெளியே வருவதற்காகத்தான் இரவு தங்குகிறோம். பனி இறங்கிய சாலையில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் அடியில் காப்பிச் செடிகளும் மெல்ல மெல்லத் தெரியும். முதல் வண்டியிலேயே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட வேண்டும். செம்மேட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் பெரியகோவிலூரில் இருக்கிறது. தேவாரத்தில் அறைப்பள்ளி என்று பெயர் வரும் தலம். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இந்த இறைவன்மேல். அருகில் ஓடும் ஐயாற்றில் உள்ள மீன்களை மக்கள் தெய்வமாக நினைத்து வணங்குகிறார்கள், யாரும் பிடிப்பதில்லை.

கோயிலுக்கு அருகிலிருந்துதான் ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேல். காலையில் முதலில் இறங்குகிறவர்களுக்கு அருவியின் இரைச்சல் மட்டும் துணை. பத்து மணிக்குமேல் கீழேயிருந்து வண்டிகள் வந்து சேர்ந்துவிடும். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் தெரியப்படுத்தும். மூட்டுவலி உள்ளவர்கள் மாசிலா அருவியோடு நின்றுகொள்ளலாம், அங்கே இறங்குவது எளிது. மழைக்காலத்தில் நீர் பெருகினால் ஆகாய கங்கைக்குப் போக விடமாட்டார்கள். அந்தத் தடையோடு மல்லுக்கட்ட வேண்டாம். இதே ஐயாறுதான் அருவியாக விழுந்து கீழே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது.

படியேறி வந்ததும் கிடைக்கும் முடவாட்டுக்கால் சூப்பைக் குடிக்காமல் வராதீர்கள். ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. மேல்தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். குடிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிலோ கணக்கில் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அது தோட்டத்துப் பயிர் இல்லை, காட்டிலிருந்து பெயர்த்து வருவது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர் வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் மரபு. அவர்களுடைய ஊராட்சிகளின் பெயர்களைப் பாருங்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு. ஒரு சின்ன மலைக்குள் இத்தனை நாடுகள்.

அந்த நாடுகளில் ஒருகாலத்தில் எங்கு பார்த்தாலும் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, பெருஞ்சாமை என்று வகைகள். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டதும் காட்சி மாறியது. மரவள்ளிக்குக் கையில் காசு வந்தது. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவதற்குள் பெண்களின் தோள் இற்றுப்போனது. யார்தான் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்து விதைகளைச் சேகரித்தது, உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது, மகளிர் குழுக்கள் மூலம் சிறுதானியத்தை விற்க வழி செய்தது. சிறுதானியம் முழுவதுமாக அழியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறை சொல்லும்போதே "ராத்திரிக்குச் சாமைச் சோறு கிடைக்குங்களா?" என்று கேளுங்கள். பரோட்டா எல்லா ஊரிலும் கிடைக்கும். நீங்கள் கேட்டால் அந்தச் சமையற்கட்டில் ஒரு படி சாமை கூடுதலாக வாங்குவார்கள். எனக்கு வந்தது சாமைச் சோறும் பச்சைமொச்சைக் குழம்பும். சமைத்த அம்மா, "இதப் போயி டவுன்காரங்க கேக்குறீங்களே சாமி" என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம் அவருக்கு இல்லாமல் போகும் அளவுக்கு நாம் கேட்க வேண்டும்.

சந்தை நாள் எதுவென்று விசாரித்து அதற்கேற்றாற்போல் தங்கும் நாளை அமைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, மலைவாழை, பருவத்தில் பலா ஆகியவற்றை விளைவித்தவர் கையாலேயே வாங்கலாம். அறைச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தை அங்கே செலவழியுங்கள். பேரம் வேண்டாம். நம் ஊர் மளிகைக் கடையில் ஒட்டிய விலையைக் கொடுத்து வாங்குகிறோம், மலைக்காரரிடம் மட்டும் குறைத்துக் கேட்பது முறையல்ல.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் பெருங்கூட்டம் வரும். அந்த நாட்களில் மலையில் ஓர் அறைகூட மிஞ்சாது, வளைவுகளில் வண்டிகள் ஊர்ந்துதான் ஏறும். விழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆனி மாதமே தொலைபேசியில் அறை சொல்லிவிடுங்கள். மலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் விழா முடிந்த ஒரு வாரம் கழித்து, திங்கள்கிழமை ஏறி செவ்வாய்க்கிழமை இறங்குங்கள். அறை வாடகையும் குறைவாக இருக்கும், சாமைச் சோறும் நிதானமாகக் கிடைக்கும்.